தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சோலார் நிலையம் போடுகிறீர்களா? நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

ஓசூரில் என் மச்சான் நடத்தும் ஆலைக்காக ஊத்தங்கரை பக்கம் 3 மெகாவாட் சோலார் நிலையம் போட்டோம். நிலம் தேடியதிலிருந்து கிரிட்டில் மின்சாரம் ஏறிய நாள் வரை காகித வேலைக்கு அலைந்தது முழுக்க நான்தான். ஏழு மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார், ஆனால் பத்தொன்பது மாதம் ஆனது. அதில் ஆறு மாதம், நாங்கள் தொடவே கூடாத ஒரு நிலத்தின் பின்னால் போய்விட்டது. முன்பணமாகக் கொடுத்த 4 லட்சத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

இப்போது காரிமங்கலம், போச்சம்பள்ளி, அரூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் போன் செய்து "அண்ணா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. இது 1 முதல் 10 மெகாவாட் வரை நிலத்தில் போடும் நிலையங்களுக்கானது. வீட்டு மாடியில் போடுபவர்களுக்கு இதில் பெரும்பாலானவை தேவைப்படாது.

1. மின்சாரம் யாருக்கு என்பதை முதலில் எழுதிவையுங்கள்

மின் உற்பத்தி செய்ய உரிமம் வேண்டியதில்லை, 2003 மின்சாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் செய்த மின்சாரத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விண்ணப்பம், கட்டணம், ஒப்பந்தம் எல்லாமே மாறும்.

சொந்தப் பயன்பாடு, அதாவது கேப்டிவ் என்றால், பயன்படுத்துபவர்களிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்தியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த வருடம் முழுவதற்கும் கேப்டிவ் தகுதி போய்விடும், குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (வெளியே மின்சாரம் வாங்குபவர்களிடம் மின்வாரியம் வசூலிக்கும் தொகை) மொத்த யூனிட்டுக்கும் வந்து விழும். அதனால் ஆலையின் ஒரு வருட மின்கட்டண ரசீதுகளை எடுத்துவைத்து, பகலில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். நம் பக்கம் 1 மெகாவாட்டுக்கு வருடம் 15 முதல் 17 லட்சம் யூனிட் வரை எதிர்பார்க்கலாம். மச்சான் முதலில் 5 மெகாவாட் என்றுதான் நின்றார், ரசீதுகளைக் கூட்டிப் பார்த்த பிறகு 3-க்கு இறங்கினார்.

வேறு ஆலைக்கு விற்பதென்றால் அது ஓப்பன் ஆக்சஸ், அதாவது மின்வாரியத்தின் லைன் வழியாக நம் மின்சாரத்தை இன்னொருவருக்கு அனுப்புவது. 2022-இல் வந்த பசுமை மின்சார விதிகளின்படி 100 கிலோவாட் ஒப்பந்த மின்பளு இருந்தாலே வாங்கலாம், அதனால் வாங்குபவர் கிடைப்பது முன்பு போலக் கஷ்டமில்லை. அவரோடு கையெழுத்தாகாமல் மேலே போகாதீர்கள்.

2. நிலத்துக்கு முன்னால் சப்-ஸ்டேஷன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதலில் நிலம் பார்க்கிறார்கள், நாங்களும் அதைத்தான் செய்தோம். ரோட்டை ஒட்டி, சமதளமாக, விலையும் நியாயமாக ஒரு நிலம் கிடைத்தது, மறுநாளே முன்பணம் கொடுத்தோம். ஒன்றரை மாதம் கழித்து மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்தால், அந்த சப்-ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் விண்ணப்பித்தவர்களுக்கே இடம் தீர்ந்துவிட்டது என்றார்கள். அடுத்த சப்-ஸ்டேஷன் 9 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நம் செலவில் லைன் இழுத்தால் கணக்கு உதைக்கும்.

ஆகவே முதலில் வரைபடத்தை விரித்து, நீங்கள் நினைக்கும் பகுதியில் உள்ள சப்-ஸ்டேஷன்களைக் குறியுங்கள். அந்தந்தப் பகுதி உதவிச் செயற்பொறியாளரை, ஏ.டி. என்று சொல்வோமே அவரை, நேரில் போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியவை: பவர் டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு என்ன, பகலில் அதில் ஓடும் பளு எவ்வளவு, ஏற்கெனவே எத்தனை மெகாவாட் சோலாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், புதிதாக ஒரு பே (நம் லைனைச் சேர்க்க, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வைக்கும் பகுதி) கட்ட வளாகத்தில் இடம் இருக்கிறதா. கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருந்தும், பிரேக்கர் வைக்க வளாகத்தில் இடம் இல்லாமல் நின்றுபோன வேலையை நானே பார்த்தேன்.

வாயால் சொன்ன பதிலை நம்பி நிலம் வாங்காதீர்கள், அது அன்றைய நிலவரம் மட்டுமே. ஆனால் அந்தப் பதில் "இல்லை" என்றால் அந்த ஊரை அன்றைக்கே விட்டுவிடலாம், அதுவே பெரிய லாபம். சப்-ஸ்டேஷனிலிருந்து 3 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நிலம் தேடுங்கள், மிஞ்சிப் போனால் 5.

இன்னொன்று. 2024-இல் மின்வாரியம் பிரிக்கப்பட்டு, பகிர்மானக் கழகம் தனி, மின் உற்பத்திக் கழகம் தனி, பசுமை எரிசக்திக் கழகம் தனி என்று ஆகிவிட்டது, தொடரமைப்புக் கழகம் அதற்கு முன்பே தனி. பழைய பெயர் போட்ட விண்ணப்பப் படிவங்கள் இன்னும் ஆட்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எந்தக் கடிதம் எந்தக் கழகத்துக்கு என்று கேட்டு எழுதுங்கள். எங்களுடையது ஒன்று மூன்று வாரம் கழித்து முகவரி தவறு என்று திரும்பி வந்தது.

3. நிலம் பார்ப்பது

1 மெகாவாட்டுக்கு 4 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாறையும் ஓடையும் இருந்தால் 5. நாங்கள் 3 மெகாவாட்டுக்கு 13 ஏக்கர் எடுத்தோம்.

காகிதம் இவ்வளவு வேண்டும்: பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் வருவாய்ப் பதிவேடு), கடைசி மூன்று வருட அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்கள், உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். பட்டாவையும் அ-பதிவேட்டையும் வருவாய்த்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம், வில்லங்கம் பதிவுத்துறை தளத்தில் கிடைக்கும். இந்த முதல் சோதனைக்குப் பெரிய செலவே இல்லை. அதைச் செய்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.

எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதுதான் முக்கியம்.

கூட்டுப்பட்டா. நம் மாவட்டங்களில் அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்து ஐம்பது வருடம் உழுதிருப்பார்கள், பட்டாவில் தாத்தா பெயர்தான் இருக்கும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். சர்வேயர் அளந்து, தாலுகாவில் ஏற்றி முடிக்க எங்களுக்கு மூன்றரை மாதம் ஆனது. பெண் பிள்ளைகளின் கையெழுத்தையும் விடாதீர்கள். "தங்கச்சிகளுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்துவிட்டோம்" என்று சொல்வார்கள், சட்டத்தில் அது செல்லாது. எங்கள் நிலத்தில் பெங்களூரிலும் சேலத்திலும் இருந்த இரண்டு அக்காள்களைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்கினேன். இரண்டு பேருமே மரியாதையாகப் பேசினார்கள், அவர்கள் கேட்டது நியாயமான பங்கு மட்டும்தான்.

யூ.டி.ஆர். பிழை. 1980-களில் பட்டாக்களைப் புதுப்பித்தபோது பெயரும் பரப்பும் மாறிப்போன சர்வே எண்கள் ஏராளம். பத்திரத்தில் 3 ஏக்கர், பட்டாவில் 2.40 என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். திருத்தம் மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) வரை போகும், எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

பஞ்சமி நிலமும், அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படை நிலமும். அ-பதிவேட்டையும் பழைய கிராமக் கணக்கையும் பார்க்காமல் இது தெரியாது. நடுவில் நான்கு கிரயம் நடந்திருந்தாலும் பஞ்சமி நிலம் பஞ்சமி நிலம்தான். அது பட்டியல் சமூகத்து மக்களுக்கென்று கொடுக்கப்பட்டது, அதில் கை வைக்காதீர்கள். கோயில் இனாம் நிலம், பூதான நிலம் இரண்டையும் இதே கவனத்தோடு பாருங்கள்.

ஓடையும் வண்டிப்பாதையும். கோடையில் போய்ப் பார்த்தால் ஓடை இருப்பதே தெரியாது, உழுது சேர்த்திருப்பார்கள். புலப்படத்தில் இருக்கும். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு உங்கள் நிலத்தை இரண்டாகப் பிரித்தால், கேபிளை அந்தப் பக்கம் கொண்டுபோக நீர்வளத்துறை, வருவாய்த்துறை என்று இரண்டு பக்கமும் அனுமதிக்கு நிற்க வேண்டியிருக்கும். ஓடையை மூடி சோலார் பலகை வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

குழாயும் கோபுரமும். கொச்சி – பெங்களூரு எரிவாயுக் குழாய்த் திட்டமும் இருகூரிலிருந்து தேவனகொந்திக்குப் போகும் எண்ணெய்க் குழாய்த் திட்டமும் நம் இரண்டு மாவட்டங்களையும் தொட்டுப் போகின்றன. 1962-ஆம் வருடச் சட்டப்படி எடுத்த பயன்பாட்டு உரிமை நிலத்தின் மேல் இருந்தால், உரிமையாளர் பெயர் மாறாது, ஆனால் அந்தப் பட்டையில் ஒன்றும் கட்ட முடியாது. வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாமல் சர்வே எண்ணைச் சொல்லி தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். உயர் அழுத்த லைனுக்கும் இதேபோல் பாதை ஒதுக்க வேண்டும்: 110 கே.வி. என்றால் 22 மீட்டர், 220 கே.வி. என்றால் 35 மீட்டர் அகலம். 400 கே.வி.க்கு 46 மீட்டருக்குக் குறையாது. இந்த ஒதுக்கத்தைக் கழிக்காமல் ஏக்கர் கணக்குப் போட்டால் கடைசியில் பலகை வைக்க இடம் பத்தாது.

கல் குவாரி பக்கத்தில் வேண்டாம். வெடியில் தெறிக்கும் சில்லும் ஒரு பிரச்சினைதான், ஆனால் தினமும் படியும் தூசு அதைவிடப் பெரியது.

4. காட்டுக்குப் பக்கமா?

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நிலம் என்றால் இது உங்களுக்கு. 2014-இல் காவேரி வடக்கு, 2022-இல் காவேரி தெற்கு என்று வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில், அதாவது ஹாகாவில், இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் சர்வே எண்களோடும் வரைபடத்தோடும் எழுத்தில் கேட்டு, காப்புக்காட்டிலிருந்து எத்தனை தூரம், யானை நடக்கும் வழியா என்று பதிலைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்மறையாக வந்தால் அந்த நிலத்தை விட்டுவிடுங்கள். பன்னிரண்டு ஏக்கருக்கு வேலி போட்டு யானை வழியை அடைத்தால் அது பக்கத்து விவசாயியின் ராகி வயலுக்குள் போகும், அந்தப் பழி நமக்கு வேண்டாம்.

வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். சோலார் மின்வேலிக்கும் 2023-இல் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்திருக்கின்றன, காட்டை ஒட்டிய பகுதி என்றால் வனத்துறையில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

5. கிரயமா, குத்தகையா

கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. குத்தகை 30 வருடத்துக்குக் குறைவாக இருந்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், 30-ஐத் தொட்டால் 4 ஆகிவிடும். அதனால்தான் எல்லோரும் 29 வருடம் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். இந்த 1 சதவீதம் ஒரு வருட வாடகைக்கு அல்ல, மொத்தக் காலத்து வாடகைக்கும் முன்பணத்துக்கும் சேர்த்து. பதிவுக் கட்டணம் தனி.

நாங்கள் குத்தகைக்குத்தான் போனோம். ஏக்கருக்கு வருடம் 35,000, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உயர்வு. பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: வங்கிக்கு அடமானம் வைக்கும் உரிமை, லைன் இழுக்கவும் ரோடு போடவும் வழி உரிமை, காலம் முடிந்ததும் கம்பிகளையும் கான்கிரீட்டையும் யார் அகற்றுவது என்பது, உரிமையாளர் காலமானால் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் வரி. பத்திரத்தை உரிமையாளர் வீட்டில் உட்கார்ந்து தமிழில் படித்துக் காட்டினேன். அரைநாள் ஆனது. அதன் பிறகு இன்றுவரை ஒரு சச்சரவு இல்லை.

பெரிதாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நில உச்சவரம்புச் சட்டத்தில் எல்லை 15 தர ஏக்கர். தர ஏக்கர் வேறு, சாதாரண ஏக்கர் வேறு, மானாவாரி மேட்டு நிலத்தில் ஒரு தர ஏக்கர் என்பது பல சாதாரண ஏக்கர். தாண்டினால் நிறுவனங்கள் 37ஏ பிரிவில் அரசு அனுமதி வாங்க வேண்டும். இதைச் சென்னையில் முடிக்க வேண்டும், மாவட்டத்தில் முடியாது.

6. நிலப் பயன்பாட்டு மாற்றம்

ஓசூர் போல முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள பகுதியில் நிலம் இருந்தால் அந்த வரைபடத்தில் எந்த மண்டலம் என்று பாருங்கள். திட்டப்பகுதிக்கு வெளியே விவசாய நிலம் என்றால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47ஏ பிரிவும் அதற்கான 2017 விதிகளும் பொருந்தும். விண்ணப்பம் உள்ளாட்சி வழியாக நகர் ஊரமைப்பு அலுவலகம் போகும், வேளாண்மைத் துறையும் தாசில்தாரும் அறிக்கை தர வேண்டும். நஞ்சை என்றால் ஆட்சியர் ஒப்புதல் வரை போகும், ஆகவே புஞ்சையாகப் பாருங்கள். கட்டணம் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடப்படும், அதனால் முன்கூட்டியே உங்கள் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவையுங்கள்.

இதற்கு எங்களுக்கு ஐந்து மாதம். அதில் இரண்டு மாதம் ஒரே ஒரு அறிக்கைக்காக நின்றது. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்த நேரம், யார் கையெழுத்துப் போடுவது என்பதே சில வாரம் தெளிவாகவில்லை. உங்கள் ஊராட்சியில் இப்போது யாருக்கு அதிகாரம் என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பத்தைக் கொடுங்கள். கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்குங்கள். இரண்டாவது முறை போகும்போது "உங்கள் மனு வரவில்லையே" என்று யாராவது சொன்னால் அந்தச் சீட்டு மட்டும்தான் கை கொடுக்கும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை நினைத்துக் கவலை வேண்டாம். சூரிய மின்சாரம் மாசு மிகக் குறைந்த வெள்ளை வகைத் தொழில், வாரியத்தின் அனுமதியான இசைவாணை தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். இதற்கென்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

7. இணைப்பு அனுமதி

47ஏ முடியட்டும் என்று காத்திருக்காமல், குத்தகை பதிவான மறுநாளே இதற்கு விண்ணப்பியுங்கள், இரண்டும் ஒரே சமயத்தில் ஓடட்டும். ஒற்றைக் கோட்டு வரைபடம் (நிலையத்தின் மின் இணைப்புகளைக் காட்டுவது), இடத்தின் வரைபடம், நிலப் பத்திரம், நிறுவனப் பதிவு ஆவணங்கள், இயக்குநர் தீர்மானம் ஆகியவை வேண்டும். மின்வாரியத்தில் பளு ஓட்ட ஆய்வு (நம் மின்சாரத்தை லைன் தாங்குமா என்ற கணக்கு) செய்து, எந்த அழுத்தத்தில், எந்த சப்-ஸ்டேஷனில் என்று சொல்லி, பிறகு எஸ்டிமேட் கொடுப்பார்கள். லைனையும் சப்-ஸ்டேஷனில் அந்த பே பகுதியையும் நீங்களே கட்டி, மேற்பார்வைக் கட்டணம் மட்டும் அவர்களுக்குச் செலுத்தும் முறையில் போனால் நேரம் மிச்சம்.

அனுமதிக் கடிதத்தில் காலக்கெடு இருக்கும், அதைக் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள். கெடு தாண்டினால் வரிசையில் உங்கள் இடம் போய்விடலாம்.

லைன் போகும் வழியில் அடுத்தவர் நிலத்தில் கம்பம் நட வேண்டியிருக்கும். மாந்தோப்பு வழியாகப் போனால் கிளை வெட்டுவதற்கே ஒரு குடும்பம் ஒப்புக்கொள்ளாது. அது நியாயம்தான், அந்த மரம் அவர்கள் வருமானம். ரோட்டோரமாக நீளமாகச் சுற்றிப் போனதில் எங்களுக்குச் செலவு கூடியது, ஆனால் நாள் மிச்சமானது. தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டி வந்தால் அதற்குத் தனி அனுமதி, மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

8. கட்டும்போது

குத்தகை நிலத்தில் இலவச விவசாய மின் இணைப்போடு போர்வெல் இருக்கும், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அந்த மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். விவசாய இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், எழுதுவது விவசாயியின் பெயரில். தற்காலிக இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய இணைப்பை வேறு நிலத்துக்கு மாற்ற முடியுமா என்பதைக் குத்தகை பேசும்போதே பேசி முடியுங்கள்.

மண் பரிசோதனையில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் பக்கம் ஒரு முழம் தோண்டினால் பாறை. தூணை அடித்து இறக்கலாம் என்று போட்ட விலைப்புள்ளி, துளைபோட்டுக் கான்கிரீட் ஊற்ற வேண்டும் என்றதும் எங்களுக்கு 22 லட்சம் ஏறியது. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே ஏக்கருக்கு ஒரு குழி வீதம் தோண்டிப் பாருங்கள்.

பலகை வாங்கும்போது அது மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடலா என்று மாடல் எண்ணையே ஒப்பிட்டுப் பாருங்கள், நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. 2026 ஜூன் 1 முதல் உள்ளே இருக்கும் செல்லுக்கும் தனிப் பட்டியல். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்புள்ளியைக் காட்டினால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

கழுவும் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் உப்பும் புளோரைடும் அதிகம், அப்படியே அடித்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படிந்துவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. மென்னீராக்கும் கருவிக்கு முதலிலேயே திட்டத்தில் இடம் விடுங்கள்.

9. மின் ஆய்வு, மீட்டர், இணைப்பு

தலைமை மின் ஆய்வாளர் அலுவலகத்தில் வரைபட ஒப்புதலைக் கட்டுவதற்கு முன்னாலேயே வாங்க வேண்டும். நாங்கள் கட்டிய பிறகு கொடுத்தோம், எர்த் குழிகளைத் தள்ளி வைக்கச் சொல்லி ஒரு மாதம் போனது. கட்டி முடித்ததும் ஆய்வு, குறை இருந்தால் சரிசெய்து பாதுகாப்புச் சான்று. மீட்டரும் சி.டி., பி.டி.யும் (மீட்டர் அளப்பதற்காக மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துத் தரும் கருவிகள்) மின்வாரிய ஆய்வகத்தில் சோதனையாகி வர வேண்டும், அங்கே எப்போதும் வரிசை இருக்கும், ஆகவே இரண்டு மாதம் முன்பே ஆர்டர் கொடுங்கள். மாநிலத்தின் மின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் சென்னை பளு மையத்துக்குத் தகவல் அனுப்பும் கருவியும் வேலை செய்தால்தான் இணைப்பு தருவார்கள்.

கடைசியாக எல்.சி., அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய மின்வாரியம் தரும் அனுமதி. உங்கள் லைனை சப்-ஸ்டேஷனில் சேர்க்க மின்நிறுத்தம் வேண்டும். மார்ச் மாதம் பொதுத்தேர்வு நடக்கும்போது கிடைக்காது, கோடை உச்சத்தில் கிடைப்பது கஷ்டம். நாங்கள் பிப்ரவரி கடைசியில் தயாராகி ஏப்ரல் கடைசி வரை பலகைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், வங்கி வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரிக்குள் முடிப்பது போல எல்லாத் தேதிகளையும் பின்னாலிருந்து எண்ணிப் போடுங்கள்.

இணைத்த அன்று இரண்டு மீட்டர்களின் தொடக்க அளவையும் அதிகாரிகள் முன்னால் குறித்து, கையெழுத்து வாங்கி, போட்டோவும் எடுத்துவையுங்கள். முதல் மாதக் கணக்கு வரும்போது ஆலையின் ரசீதில் கழிக்கப்பட்ட யூனிட்டையும் நிலையத்தின் மீட்டர் அளவையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எங்களுக்கு முதல் மாதம் 11,000 யூனிட் விட்டுப்போயிருந்தது. அந்தக் கையெழுத்துத் தாளைக் காட்டியதும் அடுத்த மாதக் கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.